ஷார்ட் அடிச்சது தப்பா, பெரியப்பா?

போன மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் தம்பி மகன் போன் செய்தான். தீபாவளி, பொங்கலுக்குத் தவிர தானாகக் கூப்பிடாத பையன். நிஃப்டி ஃப்யூச்சர்ஸில் ஷார்ட் போட்டிருக்கிறான். அதாவது, குறிப்பிட்ட தேதியில் முடியும் ஒப்பந்தத்தில் நிஃப்டியை முன்கூட்டியே விற்றுவிட்டு, அது விழுந்தால் லாபம், ஏறினால் நஷ்டம் என்ற பந்தயம். சந்தை நான்கு நாளாக எதிர்ப்பக்கம் ஏறிக்கொண்டே போகிறது. நஷ்டத்துக்கு ஈடாக மார்ஜின் பணம் கட்டச் சொல்லி புரோக்கரிடமிருந்து இரண்டு முறை மெசேஜ் வந்துவிட்டது. அவன் அப்பாவிடம் சொல்ல முடியாது, அதனால் என்னிடம் வந்திருக்கிறான். "ரிசல்ட் எல்லாம் மோசம் பெரியப்பா, ஏறுறதுக்கு ஒரு காரணமும் இல்ல. கவர்மென்ட் ஆளுங்க உள்ள இறங்கி வாங்கித் தூக்குறாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றான். அது உண்மையா என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சந்தை ஷார்ட்காரர்களுக்கு எதிராகப் போகும்போதெல்லாம் இப்படி ஒரு பேச்சு கிளம்பும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கடைசியில் கேட்டான்: "நான் ஷார்ட் அடிச்சது தப்பா பெரியப்பா?"

கணக்குப் பிசகினாலும் தப்பு என்கிறோம், செய்யக்கூடாததைச் செய்தாலும் தப்பு என்கிறோம். அவன் எந்தத் தப்பைக் கேட்டான் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. நஷ்டத்தை நிறுத்தும் ஸ்டாப்லாஸ் எங்கே, எத்தனை லாட், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பாதியை முதலில் குறை என்று சொல்லிப் படுக்கப் போய்விட்டேன். தூக்கம்தான் வரவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை 1998 ஆகஸ்டில் இன்னொருவன் என்னிடம் கேட்டிருக்கிறான். அன்றைக்கு அரசாங்கம் வாங்குகிறது என்பது வதந்தி இல்லை. நிஜமாகவே எதிரில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டிருந்தது.

யாவ் மா டேய் அறை

அப்போது நான் ஹாங்காங்கில் ஒரு சின்ன புரோக்கர் அலுவலகத்தில் செட்டில்மென்ட் பிரிவில் இருந்தேன். வாங்கியது, விற்றது, பணம் வந்ததா, பங்கு வந்ததா என்று சரிபார்க்கும் வேலை. கவ்லூன் பக்கம் யாவ் மா டேய்யில் ஒரு சின்ன அறையை ஊர்க்கார நண்பன் ஒருவனோடு பகிர்ந்துகொண்டிருந்தேன். அவன் ஒரு கட்டுமான நிறுவனத்தில் அளவையாளன். ஹாங்காங்கில் ஒரு சதுர அடி என்ன விலைக்குப் போகிறது, எந்த அடுக்குமாடியில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு விரல் நுனியில் இருக்கும். "இந்த ஊர் வீட்டு விலை நிக்காதுடா, பாதிக்கும் கீழ போகும்" என்று 1997-லேயே சொல்லிக்கொண்டிருந்தான். ஹாங்காங் பங்குச் சந்தையின் ஹாங் செங் இண்டெக்ஸில் இருக்கும் வங்கிகளும் ரியல் எஸ்டேட் கம்பெனிகளும் அந்த விலையின் மேல்தான் நிற்கின்றன, அதனால் இண்டெக்ஸும் விழ வேண்டும் என்பது அவன் கணக்கு. பின்னாளில் 2003-க்குள் ஹாங்காங் வீட்டு விலை 1997 உச்சத்திலிருந்து 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அவன் கணக்கு சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னை இன்றுவரை உறுத்துவது அதுதான்.

ஹாங் செங் இண்டெக்ஸ் 1997 ஆகஸ்டில் 16,673 வரை போயிருந்தது. அக்டோபரில் ஆசிய நாணயப் புயல் ஹாங்காங்குக்கும் வந்தது. அக்டோபர் 23 அன்று வங்கிகளுக்கிடையே ஒரே இரவுக்கு வாங்கும் கடனின் வட்டி 280 சதவீதத்தைத் தொட்டது, இண்டெக்ஸ் அன்று ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. ஹாங்காங் டாலர் 1983 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 7.80 என்று கட்டப்பட்டிருந்தது. யாராவது ஹாங்காங் டாலரைப் பெரிய அளவில் விற்று அமெரிக்க டாலர் வாங்கினால், அந்த அளவுக்கு உள்ளூர்ப் பணம் வங்கிகளின் கையிலிருந்து போய்விடும். பணம் அருகினால் வட்டி ஏறும், வட்டி ஏறினால் பங்கு விழும். நாணயத்தின் கட்டு உடையாவிட்டாலும் பரவாயில்லை, வட்டி ஏறினால் போதும். முன்கூட்டியே இண்டெக்ஸ் ஃப்யூச்சர்ஸில் ஷார்ட் வைத்திருப்பவனுக்கு லாபம். நாணயத்தை அடிப்பது ஒரு கை, ஷார்ட் லாபத்தை எடுப்பது இன்னொரு கை. 1998 கோடையில், பணக்காரர்களின் பணத்தைத் திரட்டிப் பந்தயம் கட்டும் பெரிய ஹெட்ஜ் ஃபண்டுகள் இதைத்தான் செய்துகொண்டிருந்தன.

இதில் ஒரு கணக்கு எனக்கு இன்னும் மனப்பாடம். நாணய ஆணையத்தின் தலைவராக இருந்த ஜோசப் யாம் பிறகு விளக்கிச் சொன்னது. ஷார்ட்காரர்கள் முன்கூட்டியே சுமார் 30 பில்லியன் ஹாங்காங் டாலரைக் கடனாகத் திரட்டி வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு நாள் வட்டிச் செலவு ஏறக்குறைய 4 மில்லியன். அவர்களிடம் இருந்த ஷார்ட் சுமார் 80,000 கான்ட்ராக்ட். இண்டெக்ஸ் ஒரு புள்ளி நகர்ந்தால் ஒரு கான்ட்ராக்டுக்கு 50 ஹாங்காங் டாலர். இண்டெக்ஸ் ஆயிரம் புள்ளி விழுந்தால் 4 பில்லியன் லாபம். அதாவது ஆயிரம் நாள் வட்டியைக் கட்டிக்கொண்டு காத்திருந்து ஆயிரம் புள்ளி விழவைத்தாலும் கைக்கடி இல்லை. நூறு நாளில் முடித்துவிட்டால் 3.6 பில்லியன் மிச்சம். நம்பிப் போடும் பந்தயம் என்றால் விழுமா விழாதா என்ற பயம் இருக்கும். இங்கே விழவைக்கும் கயிறும் அவர்கள் கையிலேயே இருந்தது.

என் நண்பனிடம் இருந்தது ஒரே ஒரு கான்ட்ராக்ட். ஆகஸ்ட் மாத ஃப்யூச்சர்ஸ், 6,850 பக்கம் விற்றிருந்தான். மூன்று வருஷச் சேமிப்பை மார்ஜினாகக் கட்டியிருந்தான். கயிறு எதுவும் அவன் கையில் இல்லை. பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் தன் கண்ணால் பார்த்ததுதான் அவன் வைத்திருந்த ஆதாரம். ஆகஸ்ட் 13 அன்று இண்டெக்ஸ் 6,660-ல் முடிந்தது. அன்று இரவு அவன்தான் சமைத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அரசாங்கம் வாங்க ஆரம்பித்தது. ஒரே நாளில் இண்டெக்ஸ் 8 சதவீதத்துக்கு மேல் ஏறி 7,224. உலகமே ஹாங்காங்கைத்தான் சுதந்திரச் சந்தைக்கு உதாரணமாகக் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஹாங்காங் அரசாங்கம் தன் அந்நியச் செலாவணிக் கையிருப்பை எடுத்துக்கொண்டு பங்குச் சந்தையில் இறங்குகிறது என்றால் யாருக்கும் நம்பவே முடியவில்லை. பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மேன் கடுமையாகத் திட்டினார். அமெரிக்க மத்திய வங்கியின் ஆலன் கிரீன்ஸ்பானும் ஏற்கவில்லை. நான் என்ன பெரிய ஆள், ஆனால் நானும் அன்று அவர்கள் பக்கம்தான். விலை விழ வேண்டும் என்றால் விழட்டும், அரசுக்கு இங்கே என்ன வேலை என்றுதான் நண்பனிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 28

ஹாங் செங் ஃப்யூச்சர்ஸின் இறுதி விலை, கடைசி நாள் மாலை மணி அடிக்கும்போது இருக்கும் விலை கிடையாது. அன்று முழுவதும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுக்கும் விலைகளின் சராசரி. ஆகஸ்ட் கான்ட்ராக்டுக்கு அந்தக் கடைசி நாள் 28, வெள்ளிக்கிழமை. ஆகவே அரசு ஜெயிக்க வேண்டுமானால் கடைசிப் பத்து நிமிடம் தூக்கினால் போதாது, காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை ஒவ்வொரு ஐந்து நிமிடமும் விலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். விற்க நினைப்பவர்களுக்கும் அது தெரியும். அந்த மாதம் ரஷ்யாவில் ரூபிள் சரிந்து, கடனைக் கட்ட முடியாது என்று மாஸ்கோ கைவிரித்து, உலகம் முழுக்க சந்தைகள் ஆட்டம் கண்டிருந்த நேரம். வெளியிலிருந்து பார்த்தால் விற்கத்தான் எல்லாக் காரணமும் இருந்தது.

அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் யாரும் சாப்பிடப் போகவில்லை. திரையில் ஹெச்எஸ்பிசி, ஹாங்காங் டெலிகாம் போன்ற பெரிய பங்குகளின் வாங்கும் பக்கத்தில், அரசு வாங்கக் காத்திருக்கும் அளவைக் காட்டும் ஓர் எண் மலைபோல் நிற்கும். விற்பவர்கள் அதில் கொட்டுவார்கள், எண் குறையும், மறுபடி நிரம்பும். விலை மட்டும் நகராது. சந்தை என்றால் விலை துடித்துக்கொண்டே இருக்கும், அது நகராமல் நிற்பதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். தெருவில் வங்கிக் கிளைகளின் கண்ணாடிக்கு வெளியே, விலை ஓடும் திரையைப் பார்த்துக்கொண்டு கூட்டம். வயதானவர்கள், காய்கறிப் பையோடு பெண்கள். மாலை நான்கு மணிக்கு இண்டெக்ஸ் 7,829. அன்று ஒரே நாளில் கைமாறியது 79 பில்லியன் ஹாங்காங் டாலர். இரண்டு வாரத்தில் அரசு வாங்கியது மொத்தம் 118 பில்லியன், இண்டெக்ஸில் இருந்த 33 பங்குகளையும். அன்று சீட்டுகளைச் சரிபார்த்து முடிக்கும்போது நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகிவிட்டது.

அறைக்குப் போனபோது அவன் விளக்கைப் போடாமல் சமையல் மேடைப் பக்கம் உட்கார்ந்திருந்தான். கிட்டத்தட்ட ஆயிரம் புள்ளி, 50,000 ஹாங்காங் டாலர். தங்கைக்கு என்று எடுத்து வைத்திருந்த பணமும் அதில் இருந்தது. இரண்டு வாரமாக மார்ஜின் கட்டிக் கட்டி, ஏற்கெனவே பாதி போயிருந்ததை எனக்குச் சொல்லவே இல்லை. என்னைப் பார்த்து, "நான் என்னடா தப்பு செஞ்சேன்? விலை பொய்னு சொன்னது தப்பா?" என்று கேட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை அரசு ஒதுங்கிக்கொண்டது. இண்டெக்ஸ் 7 சதவீதம் விழுந்தது. அவனிடம் அப்போது கான்ட்ராக்ட் இல்லை.

அந்த திங்கட்கிழமைதான் எனக்குத் திருப்பம். அதுவரை ஷார்ட் என்றால் விலையைப் பற்றிய ஒரு கருத்து என்று நினைத்திருந்தேன். இந்தக் கம்பெனி இவ்வளவு பெறாது, அதனால் விற்கிறேன், அவ்வளவுதான் என்று. அரசாங்கம் எதிரில் வாங்க உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து பந்தயம் கம்பெனியின் மேல் இல்லை. அந்த அரசுக்கு எவ்வளவு பணம் இருக்கிறது, எவ்வளவு பிடிவாதம் இருக்கிறது, எந்தத் தேதிவரை நிற்கும் என்பதன் மேல்தான் பந்தயம். நண்பனுக்கு வீடுகளைப் பற்றி எல்லாம் தெரியும், நிதிச் செயலாளர் டொனால்ட் சாங் 28-ம் தேதி நான்கு மணிவரை விடப்போவதில்லை என்பது மட்டும் தெரியாது. தெரிய வழியும் இல்லை. வாங்கியவனுக்குக் காலம் ஒரு செலவே இல்லை, வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். ஷார்ட்காரனுக்கு ஒவ்வொரு நாளும் காசு.

வாங்கிய அரசும் விற்பனையைத் தடுத்த அரசும்

இத்தனைக்கும் பிறகு அந்த அரசு செய்தது தவறு என்று இன்று என்னால் சொல்ல முடியவில்லை. நண்பன் கேட்டால் வருத்தப்படுவான், ஆனாலும் சொல்கிறேன். யாம் சொன்ன அந்த 80,000 கான்ட்ராக்ட் கணக்கைப் பார்த்த பிறகு என் எண்ணம் மாறியது. ஊரில் வட்டி ஏறி, கடை நடத்துபவனும் வீட்டுக் கடன்காரனும் அவதிப்படுவதே ஒருவருடைய லாபத்துக்கான கருவி என்றால், அதைச் சந்தை சரியான விலையைக் கண்டுபிடிப்பது என்று நான் ஏற்கமாட்டேன். முக்கியமாக, அரசு தன் பணத்தைப் போட்டு வாங்கியது. தோற்றிருந்தால் அதன் பணம் போயிருக்கும். ஷார்ட் விற்பனையை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யவில்லை. செப்டம்பரில் விதிகளை இறுக்கினார்கள், பங்கை நாள் தவறாமல் ஒப்படைக்க வேண்டும், அந்த நேரத்தில் மற்றவர்கள் விற்கக் கேட்கும் மிகக் குறைந்த விலைக்கும் கீழே ஷார்ட் விற்கக் கூடாது என்று. ஆனால் கதவைச் சாத்தவில்லை. வாங்கிய பங்குகளைத் தனி நிறுவனத்திடம் கொடுத்து, முன்னாள் தலைமை நீதிபதி யாங் டி-லியாங்கை அதன் தலைவராக உட்கார வைத்தார்கள். 1999 நவம்பரில் அந்தப் பங்குகளைச் சேர்த்து டிராக்கர் ஃபண்ட் என்ற நிதியை ஆரம்பித்து, அதன் யூனிட்டுகளை 33 பில்லியன் ஹாங்காங் டாலருக்கு மக்களுக்கே விற்றார்கள், தள்ளுபடியோடு. அந்த வருஷம் முடியும்போது இண்டெக்ஸ் 16,900-ஐத் தாண்டியிருந்தது. உள்ளே வந்த வழி எல்லோருக்கும் தெரிந்தது, வெளியே போன வழியும் தெரிந்தது.

இதை 2015-ல் ஷாங்காயில் நடந்ததோடு வைத்துப் பாருங்கள். ஜூன் 12 அன்று 5,166-ல் முடிந்த இண்டெக்ஸ் ஜூலை 8-க்குள் 3,507-க்கு வந்துவிட்டது. அங்கேயும் அரசு வாங்கியது. 21 புரோக்கர் நிறுவனங்கள் 120 பில்லியன் யுவானுக்குக் குறையாமல் போடுவோம், 4,500-க்குக் கீழே விற்கமாட்டோம் என்று உறுதி கொடுத்தன. ஆனால் அதோடு நிற்கவில்லை. 5 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் ஆறு மாதம் விற்கக் கூடாது என்றார்கள். புதிய பங்கு வெளியீடுகளை நிறுத்தினார்கள். 1,300-க்கும் மேற்பட்ட கம்பெனிகளின் வர்த்தகமே நின்றது. 'தீய நோக்கத்தோடு ஷார்ட் அடிப்பவர்களை'த் தேடிப் போலீஸ் இறங்கியது. உண்மையில் அங்கே கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்களின் கடன் 2 லட்சம் கோடி யுவானுக்கு மேல். பங்கைக் கடனாக வாங்கி விற்றிருந்தவர்களின் அளவு அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஏறும்போது ஊதிய கடன்தான் இறங்கும்போது வெடித்தது. பழி மட்டும் ஷார்ட்காரன் தலையில். விற்க முடியாத பங்கை வைத்திருந்தவன் என்ன செய்தான்? விற்க முடிந்த நல்ல பங்கை விற்றான். ஜூலை 8 அன்று ஹாங்காங் சந்தையும் 6 சதவீதத்துக்குப் பக்கம் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். செப்டம்பரில் இண்டெக்ஸ் ஃப்யூச்சர்ஸில் ஒரு நாளைக்குப் பத்து கான்ட்ராக்டுக்கு மேல் புதிதாக எடுப்பதையே முறைகேடாகப் பார்ப்போம் என்று விதி போட்டார்கள். அதற்குள் ஆகஸ்ட் 25-ல் இண்டெக்ஸ் 3,000-க்கும் கீழே போய்விட்டது, போலீஸ் வந்தும்.

இன்னொன்று கராச்சி. 2008 ஆகஸ்ட் கடைசியில் எந்தப் பங்கும் அன்றைய விலைக்குக் கீழே விற்கப்படக் கூடாது என்று தரை விலை போட்டார்கள். இண்டெக்ஸ் 9,144-ல் அப்படியே உறைந்தது. விலை விழவில்லைதான், ஆனால் அந்த விலைக்கு வாங்க ஆளே இல்லை. மகளின் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ பங்கை விற்கப் போனவன் டிசம்பர்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. டிசம்பர் 15-ல் தரையை எடுத்தார்கள். ஜனவரி கடைசிக்குள் 5,000-க்கும் கீழே.

பங்கைக் கடன் வாங்கி ஷார்ட் அடித்தவன் என்றைக்காவது ஒரு நாள் வாங்கித்தான் ஆக வேண்டும், இதை நாம் மறந்துவிடுகிறோம். எல்லோரும் பயந்து விற்கும்போது, லாபத்தை எடுக்க வாங்குவதற்கென்றே நிற்கிற ஒரே கூட்டம் அவர்கள்தான். ஹாங்காங்கில் 1998-ல் அவர்களை அடித்தார்கள், ஆனால் வெளியே துரத்தவில்லை. ஷாங்காயில் துரத்தினார்கள். தரைக்கு வரும்போது அங்கே வாங்க அரசைத் தவிர யாரும் இல்லை. அரசு ஒரே வாங்குபவனாக ஆகிவிட்டால் வெளியே வருவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஜப்பான் இருக்கிறது. 2010 டிசம்பரில் ஈடிஎஃப் என்ற பங்குக் கூடைகளை வாங்க ஆரம்பித்த அந்நாட்டு மத்திய வங்கி, 2024-ல்தான் நிறுத்தியது. அவற்றை விற்க 2025-ல் அறிவித்த வேகத்தில் போனால் முடிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆகும்.

இவ்வளவு யோசித்தும் நண்பனின் 50,000 டாலருக்கு என்னிடம் பதில் இல்லை. கயிறு கட்டி இழுத்தவனையும், பூட்டிய வீடுகளைப் பார்த்து உண்மை சொன்னவனையும் அந்த மலைபோன்ற எண் ஒரே மாதிரிதான் அடித்தது. வேறு மாதிரி அடிக்க முடியுமா என்றும் யோசித்துப் பார்த்தேன். ஒரு கான்ட்ராக்ட் விற்பவனும் பல்லாயிரம் விற்பவனும் திரையில் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். முடியாது. சரி, அதனால் அவனுடைய இழப்பு நியாயம் என்று ஆகிவிடுமா? ஆகாது என்றுதான் நினைக்கிறேன். அந்த ஆகஸ்ட் 28 சரி என்றும் நினைக்கிறேன். இரண்டும் என்னிடம் அப்படியே இருக்கின்றன.

இரண்டு நாள் கழித்து நானே தம்பி மகனைக் கூப்பிட்டேன். அன்றைக்குக் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்றேன். விலை சரியில்லை என்று நினைத்து விற்றது குற்றமில்லை, அதற்காக யாரிடமும் தலை குனியாதே என்று சொன்னேன். அப்புறம், எதிரில் நிஜமாகவே அரசுப் பணம் வாங்குகிறது என்று நம்பினால் நீ படிக்க வேண்டியது கம்பெனி ரிசல்ட் இல்லை என்றும் சொன்னேன். ஹாங்காங் நண்பனின் கதையையும் சொன்னேன். அவன் பாதியை ஏற்கெனவே குறைத்திருந்தான். மீதியை எக்ஸ்பைரி, அதாவது கான்ட்ராக்ட் முடியும் நாள்வரை வைக்கலாமா என்று கேட்டான்.

"எக்ஸ்பைரி என்னிக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"அதுக்கு மறுநாள் விழுந்தா உனக்கு என்ன?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்த ஹாங்காங் மாமா இப்ப எங்க இருக்கார் என்று கேட்டான். திருச்சியில் இருக்கிறார், பங்குப் பக்கமே போவதில்லை, தங்கை கல்யாணத்தை மூன்று வருஷம் கழித்து நடத்தினார் என்று சொன்னேன்.